களை மாதிரி

அப்புறம் என்பது அவர் பெயரல்ல. யார் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். சொன்னவர் முடித்துவிட்டதாக நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். இந்த ஒரு சொல் விழுந்ததும், சொல்லாமல் விட்டதையும் சொல்லித் தொலைப்பார். நாளடைவில் ஊர் அவரையே அப்புறம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறத்துக்கு நாலு ஏக்கர் நிலம். மூன்றே முக்காலில் பருத்தி. கிணற்றை ஒட்டிய கால் ஏக்கர் மனைவியின் ஆட்சி. அதில் தக்காளி, வெண்டை, கத்தரி, பந்தலில் அவரை, வரப்போரம் பூசணி. "நீங்க காசை விளைய வைங்க. வாய்க்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன்" என்று அந்த அம்மாள் என்றைக்கோ பாகம் பிரித்துவிட்டிருந்தாள்.

அந்த மாவட்டத்தில் பணப்பயிர் வாரியம் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. முதலில் விதையைச் சும்மா கொடுத்தார்கள். பிறகு உரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். பூச்சிமருந்தை முழு விலைக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, வேறு என்ன பயிரிடலாம் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. பருத்தி வீட்டு வாசற்படி வரை வந்து நின்றது. காய்கறி வாரம் இரண்டு தடவை லாரியில் வந்தது, தூரத்துச் சொந்தம் மாதிரி, வாடிய முகத்தோடு, வந்ததும் கிளம்பும் அவசரத்தோடு.

இதில் எல்லோரையும் மிஞ்சியவர் அப்புறத்தின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பக்கத்து நிலம் அவருடையது. எட்டு ஏக்கரில் ஒரு சாண் விடாமல் பருத்தி. நிழல் விழுகிறது என்று வரப்பு மரங்களை வெட்டினார். கிணறு வற்றியது, ஆழ்துளை போட்டார். அது வற்றியது, அதற்குப் பக்கத்திலேயே இன்னும் ஆழமாக இன்னொன்று. வாரியம் அவருக்கு மூன்று வருடம் தொடர்ந்து 'முன்மாதிரி விவசாயி' கேடயம் கொடுத்திருந்தது. கேடயங்களை டிவி மேல் வரிசையாக வைத்திருந்தார். அவர் மனைவியான அண்ணி மட்டும் வாரம் இருமுறை வேலியோரம் வந்து நாத்தனாரிடம் ஒரு பை வெண்டையோ கத்தரியோ வாங்கிப் போவாள். கேடயத்தைச் சமைக்க முடியாதே.

ஒரு நாள் அப்புறத்துக்கு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர் நிலத்தில் அங்கீகரிக்கப்படாத தாவரங்கள் கண்டறியப்பட்டுள்ளன, பதினைந்து நாட்களுக்குள் அகற்றாவிட்டால் பம்ப்செட்டுக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். கீழே பட்டியல். களை எண் ஒன்று, தகாளி. களை எண் இரண்டு, வெண்டை. இப்படி ஐந்து.

மனைவி அதை வாங்கிப் படித்தாள். பட்டியலின் முதல் வரியிலேயே நின்றாள்.

"இது எங்க அண்ணன் எழுதிக் குடுத்த புகார்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று அப்புறம் கேட்டார். சின்ன வயதிலிருந்தே அவன் தக்காளிக்கு 'க்' போட மாட்டான், அடி வாங்கியும் திருந்தவில்லை, ஆபீசில் அப்படியே பார்த்து எழுதிவிட்டார்கள் என்றாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் வேலியோரம் அண்ணி வந்தால் பை வழக்கம்போல் நிறைந்துதான் போனது. அப்புறத்துக்கு அது புரியவில்லை.

"அவன் வாய்க்கும் எனக்கும்தாங்க சண்டை. வயித்துக்கும் எனக்கும் என்ன சண்டை?" என்றாள்.

அப்புறம் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். வாசலில் இரண்டு பக்கமும் தொட்டிகளில் பச்சைப்பசேல் என்று செடிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக். பியூன் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கேன்டீன் கரும்பலகையில் 'காய்: இன்று இல்லை' என்று எழுதியிருந்தது. 'இன்று' என்பதை அழித்து எழுதிய தடயம் எதுவும் இல்லை. வருடக்கணக்காக அதே இன்றுதான் போலிருந்தது.

களை ஒழிப்புப் பிரிவில் ஓர் ஆய்வாளர் இருந்தார். ஓய்வு பெற மூன்று வருடம் மிச்சம் இருந்தவர். தக்காளியை எப்படிக் களை என்கிறீர்கள் என்று அப்புறம் பணிவாகக் கேட்டார். ஆய்வாளர் தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்து, வாரியச் சட்டப்படி பயிர் என்றால் பருத்தி, பயிரல்லாத செடியெல்லாம் களை என்று விளக்கினார்.

"அப்புறம்?"

"அப்புறம், செடியல்லாதது எல்லாம் 'இதர'. கிணறு, வீடு, விவசாயி, விவசாயியோட சம்சாரம், இதெல்லாம் அதுல வருது."

தான் எதில் வருகிறோம் என்று தெரிந்துகொண்டதில் அப்புறத்துக்கு ஒரு தெளிவு கிடைத்தது. இருந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ஆய்வாளர். இது உண்மையிலேயே களைதானா என்று சந்தேகம் எழுப்பி மனுப் போடலாம். மனுவின் மேல் ஆய்வு நடக்கும். ஆய்வு முடியும்வரை யாரும் எதையும் துண்டிக்க முடியாது. ஆனால் ஆய்வுக்கு மாதிரி வேண்டும். களைக்கு ஒரு கிலோ.

மறுநாள் அப்புறம் ஐந்து பைகளோடு போய் இறங்கினார். குமாஸ்தா ஒவ்வொரு பையாகத் தராசில் வைத்து, எடை போட்டு, ரசீது எழுதினார். தக்காளியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதுவும் ஆய்வில் ஒரு பகுதி என்று அப்புறம் நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. முதல் மாதிரி ஆய்வின்போதே தீர்ந்துவிட்டதாகவும், முடிவுக்கு வர இயலவில்லை என்றும், மறு மாதிரி தேவை என்றும் எழுதியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கடிதத்தில் மண்வளப் பிரிவும் தனியாக ஆய்வு செய்ய விரும்புவதாகச் சொன்னார்கள். அதற்கடுத்து நீர்ப்பிரிவு. பிறகு கணக்குப் பிரிவு. தக்காளியைக் கணக்குப் பிரிவு எப்படி ஆய்வு செய்யும் என்று கேட்டதற்கு, கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. ஆய்வகம் எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அதிகாரிகள் குடியிருப்பின் பின்கட்டைக் காட்டினார்கள்.

கடிதங்கள் வரவரக் கறாராகின. 'சென்ற வார அவரை மாதிரி முற்றல். இளசாக அனுப்பவும்.' 'தக்காளியில் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் இருந்தால் ஆய்வை வாரம் முழுவதும் தொடர வசதியாக இருக்கும்.' 'கத்தரி காம்போடு வரவேண்டும் என்பது துணை இயக்குநர் வீட்டின் தொழில்நுட்பக் கருத்து.'

மனைவி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "இவங்களுக்கு மண்ணு ஒட்டாம கழுவிக் குடுக்கணுமா, இல்ல நறுக்கியே குடுத்துடணுமான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள். அப்புறம் அதைக் கேட்கவும் செய்தார். கோப்பில் வைத்திருக்கிறோம் என்றார்கள்.

ஆனால் மின்சாரம் போகவில்லை. அவ்வளவு போதும் என்றுதான் அவர் ஐந்து மாதம் சைக்கிளை மிதித்தார். இயக்குநரே நேரில் வருகிறார் என்று தெரிந்தபோது, விவகாரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

இயக்குநர் இரண்டு காரில் வந்தார். ஒன்றில் அவர், இன்னொன்று காலியாக. அப்புறத்தின் நிலத்தில் துணிப்பந்தல் போட்டு ஊர்க்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் மச்சான், கேடயம் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நான் இந்த மாவட்டத்துக்கு வந்தபோது என்ன நிலைமை? மக்கள் தாங்கள் விளைவித்ததைத் தாங்களே தின்றுகொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய பொருளாதார இழப்பு உண்டா? வீட்டில் விளைந்து வயிற்றுக்குள் போனது எந்தக் கணக்கிலும் வராது. இன்று இந்த மாவட்டத்தில் ஒரு வாய் உணவுகூடக் கணக்கில் வராமல் யார் தொண்டைக்குள்ளும் இறங்குவதில்லை. இது சாதனை.

கிணற்றில் தண்ணீர் இல்லை என்கிறீர்கள். முன்பு இருந்த தண்ணீருக்கு என்ன மதிப்பு? ஒன்றுமில்லை. சும்மா கிடந்தது. இன்று ஒரு டேங்கர் என்ன விலை? தண்ணீருக்கு மதிப்பை உண்டாக்கியது யார்? தேனீ போய்விட்டது என்கிறீர்கள். அதோ பாருங்கள், அந்த அம்மா ஒரு பூசணிப் பூவைப் பறித்து இன்னொரு பூவில் தொட்டுத் தொட்டு வைக்கிறார். தேனீ சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை. இன்று ஒரு பெண்மணிக்கு வேலைவாய்ப்பு!"

கை தட்டினார்கள். இயக்குநர் மைக்கை வைக்கப் போனார். முன்னால் நின்ற அப்புறத்தின் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"அப்புறம்?"

இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் பேச்சை இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்டதில்லை. மைக்கை மறுபடி எடுத்தார்.

"அப்புறம், மண். மண் கல்லாக இறுகிவிட்டது, வேர் இறங்கவில்லை என்று ஒரு அறிக்கை வந்தது. நான் என்ன சொன்னேன்? நல்லதுதானே! இனி அஸ்திவாரத்துக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். நாளைக்கே இங்கே கட்டடம் கட்டலாம். விவசாயி நிலத்தை நம்பி இருந்த காலம் போய்விட்டது. நிலம் இனி விவசாயியை நம்பி இருக்கத் தேவையில்லை."

இதற்கும் கை தட்டினார்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. மச்சான் தட்டவில்லை. மடியில் கேடயம் இருந்ததால் இருக்கலாம்.

காலி கார் காலியாகத் திரும்பவில்லை. பத்தே நாளில் ஆணை வந்தது. இவ்வளவு முக்கியமான களைகள் தனியார் கையில் இருப்பது ஆபத்து என்பதால், அந்தக் கால் ஏக்கர் 'மாவட்டக் களை ஆராய்ச்சி மையம்' ஆக்கப்படுகிறது. கம்பிவேலி போட்டார்கள். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்தார்கள். அப்புறத்தின் மனைவியைத் தினக்கூலிக்குக் களைப் பராமரிப்பாளராக நியமித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். காலையில் அட்டையைக் காட்டி உள்ளே போவாள். மாலையில் வெளியே வரும்போது கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு வெண்டைப்பிஞ்சு இருந்தாலும் அரசுச் சொத்து.

அந்த வருடம்தான் அப்புறம் முதன்முதலாக லாரிக் காய்க்கு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணி நின்றாள். லாரிக் கத்தரிக்காயை மனைவி அடுப்படியில் நறுக்கும்போது அப்புறம் எழுந்து வெளியே போய்விடுவார். நூறு அடி தள்ளி அவள் நட்ட செடி காய்த்துக் குலுங்குகிறது, அவள் இதை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். நியாயம் எங்கே இடறுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் இடறியது.

மையம் ஒரு வருடம் ஓகோவென்று நடந்தது. வருட முடிவில் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். களை உற்பத்தி முப்பது சதவீதம் கூடியிருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தார்கள். தலைமையகத்தில் இதை யாரோ தப்பித்தவறிப் படித்துவிட்டார்கள். களையை ஒழிக்க ஏற்பட்ட வாரியம் களையை வளர்க்கிறதா என்று கேட்டு, உடனடியாக அழித்துப் புகைப்படம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது.

டிராக்டர் வந்த அன்று அலுவலகமே வந்து வரப்பில் நின்றது. குமாஸ்தா கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ஆய்வாளர் டிராக்டருக்கு முன்னால் குனிந்து ஓடி ஓடிக் கிடைத்த தக்காளியைப் பொறுக்கினார். அரைமணி நேரத்தில் எல்லாம் மண்ணோடு மண். அன்று சாயங்காலமே பருத்தி ஊன்றி, மையம் கலைக்கப்பட்டது என்று நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறத்தின் மனைவி கழுத்து அட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த டப்பாவை இறக்கி, விதைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்து மறுபடி மேலே வைத்தாள். அழுவாள் என்று நினைத்து அப்புறம் பக்கத்திலேயே நின்றார். அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு மாவட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. வாரிய ஊழியர்கள் வயல் வயலாகக் களை தேட ஆரம்பித்தார்கள். முன்பு அதட்டிக் கேட்டவர்கள் இப்போது கெஞ்சிக் கேட்டார்கள். உங்கள் நிலத்தில் களை இருக்கிறதா, கொஞ்சமாவது, வீட்டுப் பின்னால் ஒரு கொடியாவது என்றார்கள். சனங்கள் பதறிப்போய் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அது உண்மையும்கூட. மூன்று மாதம் தேடியும் மாவட்டத்து வயல்களில் ஒரு கத்தரிக்காய் சிக்கவில்லை.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். களையே இல்லாவிட்டால் வாரியம் எதை ஒழிக்கும்? எதையும் ஒழிக்காத வாரியத்துக்கு இருநூறு ஊழியர்கள் எதற்கு என்று மேலிடம் கேட்காதா? ஆகவே ஒவ்வொரு விவசாயியும் ஆய்வுக்காகக் குறைந்தது பத்து சென்ட் களை பராமரிக்க வேண்டும். தவறினால் மின்சாரம் துண்டிக்கப்படும். விளைவதில் பாதி மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படும். மீதிக் களையை விவசாயி தன் சொந்தப் பொறுப்பில் தின்று ஒழிக்க வேண்டும்.

அன்று மத்தியானமே அப்புறத்தின் மனைவி கால் ஏக்கர் பருத்தியையும் பிடுங்கிப் போட்டாள். கூடச் சேர்ந்து பிடுங்கிய அப்புறத்துக்கு இடுப்பு நிமிரவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டி அடித்தார்.

சிக்கியவர் மச்சான்தான். முன்மாதிரி விவசாயி என்பதால் அவர்தான் முதலில் களை காட்ட வேண்டும். டவுனிலிருந்து நாற்று வாங்கி வந்து நட்டார். நாலு நாள் நின்றது, ஐந்தாம் நாள் படுத்துவிட்டது. மறுபடி நட்டார். மறுபடி படுத்தது. அவருக்கு நோட்டீஸ் வந்தது: 'தங்கள் நிலத்தில் களையின்மை கண்டறியப்பட்டுள்ளது.' ஒரு மாதம் அவகாசம்.

ஒரு பிற்பகல் அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு. அப்புறம் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மச்சான் உட்காரவில்லை. தங்கை முறத்தில் அவரை விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எழுதிக் குடுத்தது நான்தாம்மா" என்றார்.

"தெரியும்."

"கேடயம் வச்சிருக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு களையாவது காட்டிக் குடுக்கணும்னு சொன்னாங்க. வேற யார்கிட்டயும் களை இல்லை. உன்கிட்டதான் இருந்தது."

"தெரியும்ணே."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீ இல்லைன்னு பொய் சொல்லுவே. பொய் சொன்ன அண்ணன் வீட்டுக்கு நான் எப்படிக் காய் குடுத்து விடறது?"

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை புடைத்து முடித்து முறத்தை ஓரமாக வைத்தாள். பிறகு அவள் எழுந்து, நிலத்தைப் பார்க்கலாம் வா என்றாள்.

மூவரும் போனார்கள். மச்சான் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். அது ணங்கென்று திரும்பி எகிறியது. ஒரு கட்டியைப் பெயர்த்துத் தங்கையிடம் கொடுத்தார். அவள் உடைத்து, விரித்து, முகர்ந்து பார்த்தாள். புழு இல்லை, வேர் இல்லை. மண்வாசனை இல்லை, மருந்து வாசனைதான் இருந்தது. அப்புறத்துக்கு இயக்குநரின் கட்டடம் ஞாபகம் வந்தது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை.

"இதுல ஒரு வருஷத்துக்கு எதையும் விதைக்காதே. சாணியும் தழையும் கொட்டி மூடிப் போட்டு வை" என்றாள்.

"வாரியத்துக்கு என்ன சொல்றது?"

"முளைக்கலைன்னு சொல்லு. உண்மைதானே."

சாணிக்கு மூன்று ஊர் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பருத்திக்காரர்கள் ஊரில் மாடு ஏது? அப்புறம் வாடகை டிராக்டரை ஓட்டினார், மச்சான் பின்னால் டிரெய்லரில் சாணிக் குவியல் மேல் உட்கார்ந்து வந்தார். மட்கிய பருத்தி மார்க் குச்சி, கிடைத்த தழை, எல்லாவற்றையும் பத்து சென்ட்டில் தானே கூடையில் சுமந்து கொட்டினார். முன்மாதிரி விவசாயி சாணி சுமக்கிறார் என்று ரோட்டில் நின்று நாலு பேர் பார்த்தார்கள். அதற்குள் மின்சாரமும் போனது. அப்புறத்தின் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மழை பெய்தது.

மழைக்குப் பத்து நாள் கழித்து ஆய்வாளர் பையும் படிவமுமாக வந்தார். களையின்மைக்கான கடைசி ஆய்வு. மச்சான் அவரைத் தழை மூடாக்கின் ஓரத்துக்கு அழைத்துப் போனார், தங்கையும் மாப்பிள்ளையும் கூடவே போனார்கள். அங்கே நாலைந்து இடத்தில் பச்சையாக, ஊசி ஊசியாக எதுவோ தலை நீட்டியிருந்தது.

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இது என்னம்மா?"

"களைங்க" என்றாள் அப்புறத்தின் மனைவி.

"அது தெரியுது. எந்தக் களை? தக்காளியா, வெண்டையா?"

"புல்லுங்க. வெறும் புல்லு."

அவர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேலாகக் களை ஒழிப்புப் பிரிவில் இருந்தவர். புல்லுக்கு அதில் எண் இல்லை. இதைச் சமைக்க முடியுமா என்று கேட்டார். மாடுதான் தின்னும் என்றாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, படிவத்தில் 'முளைத்துள்ளது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மின்சாரம் திங்கட்கிழமை வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, காலிப் பையை மடித்துக்கொண்டு நடந்தார்.

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகப் புல்லின் அடியைப் பிடித்துவிட்டது. இழுக்கப் போகிறார் என்று அப்புறம் நினைத்தார். ஆனால் விரல்கள் அப்படியே நின்றன. பிறகு மெல்ல விட்டன. சாய்ந்திருந்த ஒரு தாளைச் சரிசெய்துகூட வைத்தன.

"மாப்ளே" என்றார், நிமிராமல். "மாடு ஒண்ணு வாங்கணும்னா இப்ப எங்க போகணும்?"

அப்புறம் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.